வாங்கியவருக்குச் சொந்தமில்லை

1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘தி காஸ்ட்அவே’ என்றொரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் ஹாலி எர்மினி ரைவ்ஸ், பதிப்பகம் பாப்ஸ்-மெரில். இலக்கிய உலகம் அந்த நாவலை எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் பதிப்புரிமை விவரத்துக்குக் கீழே அச்சிடப்பட்டிருந்த ஒரு குறிப்பை மட்டும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். இந்தப் புத்தகத்தின் சில்லறை விலை ஒரு டாலர். அதைவிடக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் லைசென்ஸ் கிடையாது. மீறினால் பதிப்புரிமையை மீறியதாகும். குறிப்பின் சாரம் இவ்வளவுதான்.

நியூயார்க்கின் மேசிஸ் கடைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. 89 சென்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-இல் தீர்ப்பு வந்தது: புத்தகத்தை முதல்முறை விற்பதோடு பதிப்பகத்தின் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. நகல் எடுத்து அச்சிடும் உரிமை பதிப்பகத்திடமே இருக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு பிரதி வாங்கியவருடையது. உள்ளே என்ன அச்சடித்து வைத்திருந்தாலும் சரி, அவர் அதை விற்கலாம், குறைத்து விற்கலாம், சும்மாவே கொடுக்கலாம். இதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு என்று பெயர்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் நான் வாங்கிய பழைய புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து, சிலவற்றில் கல்யாணப் பரிசு வாசகம், ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரோடு சண்டை போடும் பென்சில் குறிப்புகள். இந்த நடைபாதை வணிகம் சென்னையில் நடக்கிறது என்பதற்காக அமெரிக்கத் தீர்ப்புக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. வாங்கின பொருள் என்னுது என்ற எண்ணம் எந்த நாட்டுச் சட்டத்தைவிடவும் பழையது. அந்த எண்ணம் மென்பொருள் விஷயத்தில் மட்டும் எப்படிக் கழன்று விழுந்தது? மைக்ரோசாஃப்ட் மீது இருபது முப்பது ஆண்டுகளாக மக்களுக்கு இருந்த எரிச்சலைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குள் இருந்த கேள்வி இதுதான். படிக்கப் படிக்க, அந்த எரிச்சலில் விலைக்கு இருந்த பங்கு குறைவு என்று தோன்றியது. காசு கொடுத்த பிறகும் தாங்கள் ‘வாங்கியவர்’ ஆகவில்லை என்பதுதான் ஜனங்களை அதிகம் உறுத்தியிருக்கிறது.

*

ஆரம்பக் காலத்தில் மென்பொருள் தனிப் பொருளே கிடையாது. இயந்திரத்தை விற்றால் அதை ஓட்டும் நிரல்களும் கூடவே வரும். 1969 ஜூனில் ஐபிஎம் தன் மென்பொருளில் ஒரு பகுதிக்குத் தனியாக விலை வைக்கப்போவதாக அறிவித்ததுதான் பெரிய திருப்பம். ஆனால் வீட்டு கேரேஜில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கட்டிய பொழுதுபோக்காளர்களுக்கு அது எட்டவில்லை. அவர்களுக்கு நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்வேன், உனக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லு.

1975-இல் ஆல்டேர் 8800 என்ற சிறிய கணினி வந்தது. அதற்கான பேசிக் மொழியை பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதினார்கள். காகித நாடாவில் துளையிட்டு வந்த அந்த நிரலைப் பொழுதுபோக்குக் குழுக்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டன. 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட திறந்த மடலில் கேட்ஸ் இதைத் திருட்டு என்றே எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், தங்கள் உழைப்புக்குக் கிடைத்த வருமானத்தைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் புகார்.

அந்த மடலை வில்லனின் முதல் காட்சியாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. எழுதுகிறவனுக்குக் கூலி கேட்பதில் என்ன தப்பு? தமிழில் புத்தகம் போட்டு, மறுநாளே அது பிடிஎஃப்பாகச் சுற்றுவதைப் பார்த்த எந்த எழுத்தாளரும் அந்த மடலின் கோபத்தைப் புரிந்துகொள்வார். கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. திருடியவர்களிடமிருந்து காசை வாங்குவது எப்படி என்று யோசித்த நிறுவனம், கடைசியில் போய்ச் சேர்ந்தது திருடாதவர்களின் கழுத்துப்பட்டையில்.

*

மைக்ரோசாஃப்ட் கண்ட தீர்வு எளிமையானது: ஒவ்வொரு பயனரிடமும் போய்க் காசு கேட்காதே, கணினி செய்கிற கம்பெனியிடம் கேள். 1981-இல் ஐபிஎம் பிசியோடு டாஸ் வந்தபோது, அதை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம்மைப் பார்த்து மற்றவர்களும் கணினி செய்ய ஆரம்பித்தார்கள். அத்தனை பேருக்கும் டாஸ் தேவைப்பட்டது.

அடுத்து வந்ததுதான் பிராசஸர் கணக்கு. நம்ம ஊர்க் கல்யாணச் சமையலில் இலைக் கணக்கு உண்டு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், போட்ட இலைக்குக் காசு. இப்போது ஊறுகாய்க்காரர் ஒருவர் சமையல்காரரிடம் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “நீங்க போடுற ஒவ்வொரு இலைக்கும் எனக்கு இவ்வளவு கொடுத்துடுங்க. இலையில என் ஊறுகாய் வைக்கிறீங்களா, வேற யாரோட ஊறுகாயா, அது எனக்குத் தேவையில்ல. ஒத்துக்கிட்டா விலை குறைச்சுத் தரேன்.” ஒத்துக்கொண்ட சமையல்காரர் இனி வேறு ஊறுகாய் வாங்குவாரா? வாங்கினால் ஒரே இலைக்கு இரண்டு ஊறுகாய்க் காசு.

மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் இப்படித்தான் இருந்தது. குறிப்பிட்ட பிராசஸரோடு வெளியே போகும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணம். டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டிஆர் டாஸ் 1988-இல் வந்தது. நல்ல பெயரும் எடுத்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் தயாரிப்பாளர் இரண்டு நிறுவனங்களுக்கும் அழ வேண்டும். அமெரிக்க நீதித்துறையின் புகார் மனுப்படி, கணினித் தயாரிப்பாளர்களுக்கு விற்ற டாஸில் இத்தகைய ஒப்பந்தங்களின் பங்கு 1989-இல் சுமார் 20 சதவீதம், 1993-இல் சுமார் 60 சதவீதம்.

அரசின் விசாரணை 1990-இல் தொடங்கியது. வணிக ஆணையம் 1993-இல் இரண்டுக்கு இரண்டு என்று வாக்கு சமமாகி நின்றுபோனது. நீதித்துறை வழக்கைக் கையில் எடுத்தது. 1994 ஜூலையில் சமரசம்: பிராசஸர் கணக்கை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. ‘இது போதாது’ என்று ஒரு நீதிபதி கையெழுத்திட மறுக்க, மேல்முறையீடெல்லாம் முடிந்து 1995 ஆகஸ்ட் 21 அன்று சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 24, விண்டோஸ் 95 வெளியானது. ஓட்டப்பந்தயம் முடிந்த மைதானத்தில் விதிமுறையைப் படித்துக் காட்டிய மாதிரி.

*

இவ்வளவும் கம்பெனிகளுக்குள் நடந்த பேரம். சாதாரண வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. கணினி வாங்கினார், திறந்தார், விண்டோஸ் இருந்தது. நீளமாக ஒரு உரிம ஒப்பந்தம் திரையில் வந்தது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை.

ஆனால் படிக்கிற சிலர் எல்லா ஊரிலும் இருப்பார்கள் இல்லையா? தொண்ணூறுகளின் இறுதியில் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் படித்தார்கள். அவர்களுக்கு விண்டோஸ் தேவையே இல்லை. ஆனால் விண்டோஸ் இல்லாத மடிக்கணினியைக் கடைகளில் பார்ப்பது அபூர்வம். ஒப்பந்தத்தின் உள்ளே ஒரு வரி அவர்கள் கண்ணில் பட்டது: இந்த நிபந்தனைகள் உங்களுக்குச் சம்மதமில்லை என்றால், பயன்படுத்தாமல் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். எழுதிய வக்கீல் இதை யாரும் படிப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். ஆஸ்திரேலியாவில் தோஷிபா மடிக்கணினி வாங்கிய ஒருவர் விடாமல் கடிதம் எழுதி, விண்டோஸுக்கான 110 ஆஸ்திரேலிய டாலரைத் திரும்ப வாங்கினார். செய்தி பரவியது.

1999 பிப்ரவரி 15. கலிஃபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியில் இருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு லினக்ஸ் பயனர்கள் ஊர்வலமாகப் போனார்கள். ‘விண்டோஸ் ரீஃபண்ட் டே’ என்று பெயர். கையில் பதாகை, பிரிக்காத விண்டோஸ் உறைகள். நிறுவனத்தின் ஆட்கள் மரியாதையாகவே வரவேற்று, பணத்தைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்பவர்களைத் தயாரிப்பாளர்கள் மறுபடி மைக்ரோசாஃப்டிடம் அனுப்பினார்கள். தாலுகா ஆபீஸில் இந்த விளையாட்டை ஆடிப் பழகிய நமக்கு அது புதிதல்ல.

பெரும்பாலானோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் அன்று ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ‘சம்மதமா?’ என்று கேட்கும் அந்தத் திரையில் ‘இல்லை’ என்று சொல்பவருக்கு ஒழுங்கான வழி எதுவும் போட்டு வைக்கப்படவில்லை.

*

அந்தத் திரைக்குச் சட்ட பலம் எப்படி வந்தது? மைக்ரோசாஃப்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு இதில் முக்கியமானது. புரோசிடி என்ற நிறுவனம் அமெரிக்கத் தொலைபேசி எண்களைத் தொகுத்து சிடியாக விற்றது. விஸ்கான்சினில் ஒரு மாணவர் அதைக் கடையில் வாங்கி, தகவலை இணையத்தில் வேறு விலைக்கு விற்கத் தொடங்கினார். வெறும் தொலைபேசி எண்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருந்தது. ஆகவே நிறுவனத்தின் கையில் மிச்சமிருந்தது பெட்டிக்குள் இருந்த உரிம ஒப்பந்தம் மட்டும்தான்.

கீழ்நீதிமன்றம் நம்மைப் போலவே யோசித்தது: காசு கொடுத்து, பெட்டியைப் பிரித்த பிறகு கண்ணில் படும் நிபந்தனை எப்படி வாங்கியவரைக் கட்டுப்படுத்தும்? 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. திரையில் நிபந்தனை தெரிகிறது, பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தரலாம், தராமல் பயன்படுத்தினால் சம்மதித்ததாக அர்த்தம் என்றார் நீதிபதி ஈஸ்டர்புரூக். அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு ஒரு விலை, வணிகருக்கு ஒரு விலை என்று வைக்க ஒப்பந்தம் உதவுகிறது, இல்லாவிட்டால் எல்லோரும் வணிகர் விலையைக் கொடுக்க வேண்டிவரும் என்றார். மாணவர் பதிப்பைக் குறைந்த விலையில் வாங்கிய எவரும் அந்த நன்மையை அனுபவித்திருக்கிறார்கள்.

ஆனாலும் 1908-ஐயும் 1996-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்துக்குள் அச்சடித்த நிபந்தனை செல்லவில்லை. பெட்டிக்குள் வைத்த நிபந்தனை செல்கிறது. சட்டத்தின் கண்ணில் காரணம் உண்டு: முன்னது பதிப்புரிமை வழக்கு, பின்னது ஒப்பந்த வழக்கு. வாங்குகிறவரின் கண்ணில்? இரண்டு தடவையும் அவர் கடைக்குப் போனார், காசு கொடுத்தார், பொருளை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

*

அதுவரை நிபந்தனை காகிதத்தில்தான் இருந்தது. காகிதத்தில் இருக்கும் நிபந்தனையோடு மனிதர்கள் சமாளித்து வாழ்ந்துவிடுவார்கள். 2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பி அதை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தது. பெயர், ஆக்டிவேஷன். நிறுவிய 30 நாளுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ மைக்ரோசாஃப்டிடம் பதிவுசெய்ய வேண்டும். ஹார்டு டிஸ்க், ராம், நெட்வொர்க் கார்டு என்று சிலவற்றைச் சேர்த்து மாற்றினால், ‘இது வேறு கணினியோ?’ என்று சந்தேகப்பட்டு மறுபடி கேட்கும். தொலைபேசி வழி என்றால் ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, பதிலுக்கு 42 எண்களைக் கேட்டுத் தட்டச்ச வேண்டும்.

யாருக்காக இவ்வளவும்? திருட்டைத் தடுக்க. ஆனால் பெருநிறுவனங்களுக்கான பதிப்பில் ஆக்டிவேஷன் கிடையாது. அந்தப் பதிப்பின் சாவி ஒன்று, எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் வெள்ளை சிடி மேல் மார்க்கரால் 25 எழுத்துகள் எழுதியிருக்கும். மனப்பாடமாகவே சொல்லும் பையன்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் எந்த எண்ணையும் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. எண் வாசித்ததெல்லாம் முழு விலை கொடுத்து, பெட்டியில் வாங்கியவர்கள்தான்.

2007 ஆகஸ்ட் 24 அன்று இது உச்சத்துக்குப் போனது. விண்டோஸ் அசலா போலியா என்று சரிபார்க்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர்களில் கோளாறு. மறுநாள் சரிசெய்யப்படும் வரை, அசல் பிரதி வைத்திருந்தவர்களையும் போலி என்று குறித்துத் தள்ளியது. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவான கணினிகள் என்றது நிறுவனம். எண்ணிக்கை பெரிதல்லதான். ஆனால் தவறு செய்தது சர்வர், நிரூபிக்க வேண்டியவர் வாடிக்கையாளர் என்ற அந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள்.

அலுவலகங்களுக்கு வேறு வகை வலி. 2001 மே மாதம் அறிவித்த புதிய உரிமத் திட்டத்தில், புதிய பதிப்புகளைத் தொடர்ந்து பெற ஆண்டுதோறும் உரிம விலையில் 29 சதவீதம் கட்ட வேண்டும். சர்வர் என்றால் 25 சதவீதம். கணக்குப் போட்டால் மூன்றரை ஆண்டில் மறுபடியும் முழு விலை. பழையதே போதும் என்று ஐந்தாறு வருஷம் ஓட்டிய நிறுவனங்கள் கொதித்தன. சேருவதற்கான கெடுவைத் தள்ளிவைத்து, கடைசியில் 2002 ஜூலை 31 என்று நிறுத்தினார்கள். 2011-இல் ஆஃபிஸ் 365 வந்தபோது சந்தா என்ற சொல் வெளிப்படையாகவே வந்துவிட்டது. அதற்குள் ஜனங்களும் பழகியிருந்தார்கள்.

*

இது இப்படித்தான் முடிய வேண்டும் என்று தலையெழுத்து எதுவும் இருக்கவில்லை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000-இல் எதிர்ப்பக்கம் நின்றது. புதுக் கணினியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று குறித்த விண்டோஸ் பிரதியைக் கடைக்காரர் தனியாக விற்றால், மைக்ரோசாஃப்ட் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றது. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் கொடுத்தால், பெயர் உரிமம் என்றாலும் அது விற்பனைதான். வாங்கியவர் தன் பிரதியை அழித்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம்.

நம் நாட்டில் நடந்தது இன்னும் சுவாரசியம். வெளிநாட்டு மென்பொருளுக்கு இங்கிருந்து போகும் பணம் ராயல்டியா, சரக்கு விலையா என்று வருமான வரித்துறையோடு நீண்ட வழக்கு. ராயல்டி என்றால் வரி பிடிக்க வேண்டும். ‘இதில் பதிப்புரிமை எதுவும் கைமாறவில்லை, நடந்தது வெறும் சரக்கு விற்பனை’ என்று வாதாடியது யார் தெரியுமா? மென்பொருள் வணிகத் தரப்புதான். 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் உண்மையில் கைமாறியது என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. அது வரி வழக்குதான், அதை வைத்து நாளைக்கே பழைய மென்பொருள் கடை போட்டுவிட முடியாது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வரி அதிகாரி முன்னால் நின்றால் விற்பனை. வாடிக்கையாளர் முன்னால் நின்றால் லைசென்ஸ்.

*

மென்பொருள்தானே, நமக்கென்ன என்று புத்தகம் படிக்கிறவர்கள் இருந்துவிட முடியாது. ஏனென்றால் கதை தொடங்கிய இடத்துக்கே, புத்தகத்துக்கே, திரும்பி வந்துவிட்டது. மின்னூல் கடைகளில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரிமம்தான். வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியா ஒரு சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உரிமையைத் திருப்பித் தரவில்லை. உரிமை இல்லை என்பதை உரக்கச் சொல்லச் சொல்கிறது. அதுவும் ஒரு நேர்மைதான்.

மைக்ரோசாஃப்டும் 2017-இல் ஒரு மின்னூல் கடை நடத்தத் தொடங்கியது. வியாபாரம் சரிப்பட்டு வரவில்லை. 2019 ஏப்ரல் 2 அன்று மூடுவதாக அறிவித்தார்கள். அந்த ஜூலையில், ஏற்கெனவே விற்ற புத்தகங்கள் வாசகர்களின் கணினிகளில் திறக்காமல் போயின. மேசிஸ் கடை இழுத்து மூடப்பட்டால் வீட்டு அலமாரியில் இருக்கும் ‘தி காஸ்ட்அவே’ காணாமல் போவதில்லை. இங்கே போயிற்று.

ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று ஃபாஸ்டர் சிட்டியில் கேட்டும் கிடைக்காத ரீஃபண்ட், இங்கே கேட்காமலே வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். புத்தகத்தில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு அதுவும் சேர்த்து அழிந்துபோகுமே என்று யோசித்து, அப்படிப்பட்ட வாசகர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொகையைக் கணக்கில் வரவு வைத்தார்கள். எத்தனை புத்தகத்தில், எத்தனை வருஷம், என்ன எழுதியிருந்தாலும் ஆளுக்கு 25 டாலர்.